தகரப் பெட்டிகளுக்கு ஒரு பாயிரம்

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை 2023 ஆம் ஆண்டிலே நினைவுகூர்ந்தோம். முன்னோர் நடந்த வழியே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, ஒருமுறை மீண்டும் நடந்து காட்டினார்கள். மேடைகள் பல கண்டோம். மலர்கள் பல வெளிவந்தன. அவ்வாரவாரம் அடங்கிய பின்னரும் ஒரு நல்ல பழக்கம் எஞ்சி நிற்கின்றது. லயக் காம்பராக்களிலே கட்டிலின் அடியிற் கிடந்த தகரப் பெட்டிகளை மக்கள் திறந்து பார்க்கத் தொடங்கியிருக்கின்றனர். துண்டுகள், பற்றுச்சீட்டுகள், பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வந்த மறுமொழிகள், சங்கச் சந்தா அட்டைகள், கடல் கடந்து போன உறவினரின் கடிதங்கள் என்று எத்தனையோ வெளிவருகின்றன.

அவற்றைப் பெற்றுக் காப்பதற்கும் இடங்கள் உள. கம்பளைக்கு அருகே நியூ பீகொக் தோட்டத்திலே, பழைய லயம் ஒன்றையே இடமாகக் கொண்டு, தோட்டத் தொழிலாளருக்கான அரும்பொருட்காட்சியகமும் ஆவணக்காப்பகமும் 2007 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டன. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்து வருவதை நம் வாசகர் அறிவர். இவையன்றி ஆசிரியர்களும் வாசிகசாலைகளும் தத்தமக்கு இயன்றவாறு சேர்த்து வருகின்றனர்.

சேர்த்தவற்றை எம்முறையில் விவரித்துப் பட்டியல் செய்வது என்ற வினா இப்பொழுது எழுந்திருக்கின்றது. இஃது எழுதுவினைஞர் கவனிக்கவேண்டிய சில்லறை விஷயம் என்று தமிழறிஞர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. ஓர் ஆவணம் எதைப் பற்றியது, யாரால் ஆயது, எங்கிருந்து வந்தது என்று உரைக்கும் குறிப்பை இக்காலத்தார் ‘மெட்டாடேட்டா’ என்கின்றனர். பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று. பவணந்தியார் தம் நன்னூலிலே சிறப்புப்பாயிரத்துக்கு இலக்கணம் வகுத்தபோது நூலைச் செய்தவர் யார், எம்மரபின் வழி வந்தது, எந்நிலப்பரப்பில் வழங்குவது, அதன் பெயர் என்ன, என்ன பொருள் நுவல்வது, யார் கேட்டற்குரியர் என்றெல்லாம் எட்டுச் செய்திகளை விதித்தார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தமிழன் வகுத்த மெட்டாடேட்டாத் தரம் இதுவென்று கூறினால் மிகையாகாது.

அக்குறிப்பு அழிந்தால் நேர்வது என்ன என்பதையும் நாம் அறிவோம். சங்கப் புலவர் சிலருடைய பெயர் மறைந்துபோகவே, அவர்தம் பாட்டில் வந்த ஒரு தொடரையே எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள்; செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். பாட்டு நமக்குக் கிடைத்தது. அதைப் பாடிய மனிதர் கிடைத்திலர். புறநானூற்றிலே திணையும் துறையும் சிதைந்த பாட்டுகளுக்குப் பொருள் காணப் புலவர்கள் படும் பாட்டை மாணாக்கர் அறிவர்.

இனி, என் கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். ஊரும் பேரும் வேண்டா. எங்கள் பக்கத்துப் பெரிய கங்காணி ஒருவரின் தகரப் பெட்டியை அவர் காலத்துக்குப் பின் குடும்பத்தார் ஒரு வாசிகசாலைக்குக் கொடுத்தனர். அங்கிருந்த இளைஞர் உழைப்புக்கு அஞ்சாதவர். நல்ல நோக்கமும் உடையவர். பெட்டியிலுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தனர். நிழற்படங்களை ஒரு தொகுப்பிலும், கடவுச்சீட்டுகளை வேறொரு தொகுப்பிலும், கடிதங்களைப் பிறிதொன்றிலும் வைத்தனர். பதினைந்து கட்டமுள்ள ஒரு படிவத்தை ஒவ்வொன்றுக்கும் நிரப்பினர். படங்களுள் ஒன்றுக்குத் தலைப்பு ‘ஒரு குடும்பம்’, எடுத்தவர் ‘தெரியாது’, காலம் ‘தெரியாது’.

சில ஆண்டுகளின் பின் கூடலூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய பாட்டனார் ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா சென்றவர். கங்காணியாருக்குத் தம்பி முறையானவர். தம் குடும்பத்தின் படம் ஏதேனும் உண்டோ என்று கேட்டாள். நான் அப்பெட்டியை முன்னமே பார்த்தவன். படம், கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் படி, பாட்டனார் மண்டபத்திலிருந்து எழுதிய முதற் கடிதம் ஆகிய மூன்றும் ஒரே உறையில் இருந்தன. உறையின் மேலே கங்காணியாரின் கையெழுத்தில் தம்பி பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்தன. உறை கிழிந்திருந்தமையால் அதனைக் குப்பையில் எறிந்துவிட்டனர். படம் மூன்று தொகுப்புகளுள் எங்கோ இருந்தது. ‘ஒரு குடும்பம்’ என்ற தலைப்போடு பல படங்கள் இருந்தன. எது அவள் குடும்பம் என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவள் எல்லாப் படங்களையும் கைத்தொலைபேசியிற் பிடித்துக்கொண்டு போனாள்.

இளைஞரை நான் குறை கூறவில்லை. அவர்கள் கைக்கொண்ட முறை அவர்களை அவ்வாறு செய்வித்தது. அம்முறைக்கு ‘டப்ளின் கோர்’ என்று பெயர். பெயரைக் கேட்டு ஐயர்லாந்தை எண்ணவேண்டா. அமெரிக்காவிலே ஒகையோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரில் 1995 ஆம் ஆண்டு கூடிய ஒரு கூட்டத்திலே பிறந்தது அது. தலைப்பு, ஆக்கியோன், பொருள், விவரணம், வெளியிட்டோர், நாள், மொழி, உரிமை முதலாகப் பதினைந்து கூறுகளை உடையது. எளியது, எந்தக் கணினியிலும் எந்த மாணவனும் ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்ளத்தக்கது. ஒரு நூலுக்கோ, தனித்து நிற்கும் ஒலிப்பதிவுக்கோ அது போதும். 1869 இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ போன்ற ஓர் அச்சு நூலை விவரிக்க அதனினும் மிகுதியான ஏற்பாடு எதற்கு? ஆயினும், அம்முறை ஒவ்வொரு பொருளையும் தனியே நிற்பதாகக் கொள்கின்றது. ‘தொடர்பு’ என்று ஒரு கூறு அதிலும் உண்டு. இப்படம் இன்ன உறையைச் சார்ந்தது என்று அங்கே எழுதலாம். எழுதுவார் இல்லை. நான் பார்த்த படிவங்களிலே பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பது அந்தக் கட்டந்தான்.

ஆவணக்காப்பாளர் மரபு வேறு. ஓர் ஆவணத்தை அது பிறந்த இடத்தோடும் தோழமையோடும் சேர்த்தே அறியவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1841 இல் பிரான்சிலே, ஒரு நிறுவனத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோ வந்த ஆவணங்களை வேறொன்றோடு கலக்கலாகாது என்று விதித்தனர். 1898 இல் ஒல்லாந்தர் மூவர் எழுதிய கைந்நூல், ஆவணங்களை அவற்றின் உடையார் வைத்திருந்த ஒழுங்கையும் கலைக்கலாகாது என்று நிலைநாட்டியது. இவ்விரு விதிகளின்மேல் எழுந்ததே ‘ஐசாட்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் அனைத்துலக விவரணத் தரம். அனைத்துலக ஆவணக்காப்பகப் பேரவை அதை 1994 இல் வெளியிட்டு, 2000 ஆம் ஆண்டிலே திருத்திய பதிப்பைத் தந்தது. (அப்பேரவை பிறந்தது 1948 இல். அதே ஆண்டில் இங்கே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்தது. ஓரிடத்தில் ஆவணங்களைக் காக்கச் சங்கம் கூடிற்று. மற்றோரிடத்தில் ஆவணம் இல்லை என்ற காரணத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர்.)

ஐசாட் முறையில் முதலிலே முழுத் தொகுதியை விவரிக்கவேண்டும், பின்னர் அதனுள் அடங்கிய தொடர்களை, பின்னர் கோப்புகளை, அவசியமானால் மட்டும் தனி உருப்படியை. மேலே சொன்னதைக் கீழே மீட்டும் சொல்லவேண்டியதில்லை. இருபத்தாறு கூறுகளை அது வகுத்தாலும், இன்றியமையாதன என்று ஆறனையே குறிக்கின்றது: குறியீட்டெண், தலைப்பு, ஆக்கியோர், காலம், அளவு, விவரண நிலை. கடைசியிற் கூறிய ‘நிலை’ என்பதே டப்ளின் கோரில் இல்லாதது. கையிலுள்ளது மரமோ, கிளையோ, இலையோ என்று சொல்வது அது.

ஒரு செக்ரோலை எடுத்துப் பார்ப்போம். காலையிலே பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து, மாலையிற் கொழுந்து நிறுத்து, யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளை குறித்ததன் திரட்டு அது. முற்பணமும் அரிசிக் கழிவும் அதிலே ஏறும். தனியே ஒரு தாளைப் படமெடுத்து ‘சம்பளப் பட்டியல்’ என்று தலைப்பிட்டால் அது காட்சிப் பொருள் ஆகும், அவ்வளவே. அதே தாள் ஒரு தோட்டத்தின் இருபது ஆண்டுச் செக்ரோல் தொடரில் தன் இடத்தில் இருக்குமாயின், ஒரு பெண் எந்த மாதம் வேலைக்கு வந்தாள், எந்த மாதங்களில் வரவில்லை, எவ்வாண்டில் அவள் பேர் மறைந்தது, அதே எண்ணில் அவள் மகள் பேர் எப்போது ஏறியது என்று படிக்கலாம். பிள்ளைப்பேறும் நோயும் பஞ்சமும் அங்கே பேசாமற் பேசும். 1964 ஒப்பந்தத்தின் பின் ஒரு மலையிலே பேர்கள் எவ்வாறு குறைந்தன என்பதும் தெரியும். அவ்வொப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்களைப் பாடநூலிற் படிக்கின்றோம். பிரட்டுக்களத்திலே அவற்றைப் படிப்பதற்கு அத்தொடர் கலையாதிருக்கவேண்டும்.

அத்தொடர்கள் இன்று எங்கே உள்ளன? 1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கம்பெனிகளின் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தன. 1992 இல் முகாமை மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. கை மாறுந்தோறும் காகிதம் குறைந்தது. கம்பெனிப் பத்திரங்களிற் சில இலண்டனை அடைந்தன. ஹரிசன்ஸ் அன்ட் குறொஸ்பீல்ட் போன்ற நிறுவனங்களின் ஏடுகள் இலண்டன் மாநகர ஆவணக்காப்பகத்திலே ஒழுங்காக விவரிக்கப்பட்டுள்ளன. அங்கே ஆக்கியோர் கம்பெனியார். தொழிலாளி ஒரு கணக்கு எண்ணாகவே அவற்றுள் வருவான். அவன் தானே சேர்த்துவைத்த ஏடு தகரப் பெட்டி ஒன்றே. ஆதலின், அந்தப் பெட்டிக்கும் கம்பெனியின் தொகுதிக்குக் கிடைத்த மதிப்பைத் தந்து, ‘இன்னார் குடும்பத் தொகுதி’ என்று முதல் நிலையிற் பதிவு செய்யவேண்டும் என்கின்றேன்.

ஐசாட் முறைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதனைக் கஷ்டமானது என்பார் இதைக் கவனித்தல் நன்று. பெட்டியில் நானூறு காகிதங்கள் இருந்தால், உருப்படி தோறும் படிவம் நிரப்ப ஓராண்டும் போதாது. தொகுதி நிலையில் ஒரு பக்கம் எழுத ஒரு மாலை போதும். ஆள் குறைந்த நமக்கு அதுவே வழி. காலமும் நமக்காகக் காத்திராது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மண்சரிவு லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயல் மலைநாடெங்கும் சரிவுகளை உண்டாக்கிற்று. மனித உயிரே போன இடத்திற் காகிதத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை எனலாம். ஆனால் உயிர் தப்பியோர் இழப்பீட்டுக்கும் காணிக்கும் அலையும்போது முதலிற் கேட்கப்படுவதும் காகிதமே.

இனிப் பெயர்கள். எனக்கு உறக்கம் கெடுத்த பகுதி இதுவே. நுவரெலியாவை எங்கள் பாட்டிமார் நூரளை என்றனர். ஹட்டனும் அட்டனும் ஒன்று. சென்கூம்ஸ் என்று நாம் சொல்வது செயின்ட் கூம்ஸ். தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்குமிடம். ஆங்கிலப் பெயர் ஒன்றிருக்க, ஊரார் வாயில் அதனோடு தொடர்பேயில்லாத வேறு தமிழ்ப்பெயர் வழங்கும் தோட்டங்களும் பல. பாட்டிலும் கடிதத்திலும் வருவது இத்தமிழ்ப்பெயர். செக்ரோலின் அட்டையில் இருப்பது ஆங்கிலப் பெயர். இரண்டையும் ஓரிடத்திற் கட்டாத பட்டியலிலே தேடுவோன் பாதியையே காண்பான். மனிதர் பெயரோ இன்னும் சிக்கல். இராமசாமி என்பவர் தகப்பன் கையெழுத்தில் ஒருவகை, துரையின் ஆங்கிலத்தில் ஒருவகை, சிங்களத்தில் எழுதப்பட்ட பிறப்புச் சான்றிதழில் வேறொருவகை. ஓர் எழுத்து வேறுபட்டமையால் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட குடும்பங்களை நான் அறிவேன். நமது பட்டியலும் அதே தவற்றைச் செய்யலாமா?

இதற்கும் அப்பேரவை ஒரு துணைத் தரம் வகுத்துள்ளது. 1996 இல் வெளிவந்து 2004 இல் திருத்தப்பட்டது. ஆட்களுக்கும் குடும்பங்களுக்கும் நிறுவனங்களுக்கும் தனித்தனிப் பெயர்ப் பதிவு ஒன்றைச் செய்து, ஏற்ற வடிவம் ஒன்று, மாற்று வடிவங்கள் இவை என்று அடுக்கிவைப்பது அது. எங்கள் தொழிற்சங்கங்கள் பிரிந்தும் சேர்ந்தும் பெயர் மாறியும் வந்த வரலாற்றுக்கு இத்தகைய பதிவு இன்றியமையாதது. கோ. நடேசையர் என்றும் நடேசய்யர் என்றும் நடேச ஐயர் என்றும் எழுதப்படும் ஒருவரே மூன்று ஆட்களாகிவிடுவதைப் பட்டியல்களிற் பார்த்துச் சிரித்ததுண்டு.

ஏற்ற வடிவம் எது என்று முடிவு செய்வார் யார்? அங்கேதான் தொழில்நுட்பம் அரசியலாகின்றது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே ‘இந்தியத் தமிழர்’ என்று முதன்முதலாக நம்மைப் பிரித்து எண்ணினார்கள். அதற்குப் பின் ‘தோட்டத் தொழிலாளர்’ என்றும் ‘இந்திய வம்சாவளியினர்’ என்றும் எழுதினார்கள். நம்மவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் ‘மலையகத் தமிழர்’. பழைய ஆவணத்தின் தலைப்பில் ‘கூலி’ என்றிருந்தால் அதை அழித்துவிடலாகாது, அது சான்று. தலைப்பை உள்ளவாறே எழுதி, நாம் எழுதும் விவரணத்திலும் பொருட்குறிப்பிலும் மலையகத் தமிழர் என்றே எழுதவேண்டும். மூலத் தலைப்பு வேறு, விவரிப்போன் இட்ட தலைப்பு வேறு என்று ஐசாட் வேறுபடுத்துகின்றமையால் இதற்கு இடமுண்டு. விவரணம் தமிழில் அமையவேண்டும் என்பதும் என் கருத்து. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சுருக்கம் சேர்க்கலாம். ‘பிரட்டு’ என்ற சொல்லைத் தேடுகின்ற பேத்திக்கு ஆங்கிலப் பட்டியல் மறுமொழி தராது.

வேறு தரங்களையும் ஒரு சொல் சொல்லிவிடுகின்றேன். ‘ஈ.ஏ.டி.’ என்பது 1998 முதல் வழங்குவது. ஐசாட் விவரணத்தைக் கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வடிவு. அதைக் கையால் எழுதவேண்டா. ‘ஆட்டொம்’ என்னும் இலவச மென்பொருள் தானே ஆக்கித் தரும். 2023 இல் அப்பேரவை ‘சூழலில் ஆவணங்கள்’ என்ற பொருளுடைய புதிய தரம் ஒன்றை வெளியிட்டு, ஐசாட் முதலிய நான்கு தரங்களின் இடத்தை அதற்கு அளிக்க எண்ணியிருக்கின்றது. மரம்போற் கிளைக்காமல் வலைபோற் பின்னுவது அது. ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம்: கடனைத் தீர்த்தால் இன்ன ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதி, கங்காணி கையிற் கொடுத்து, வேறு தோட்டத்துத் துரை ஏற்றுக்கொள்ள, அதில் எண்ணப்பட்டோர் கடனோடு கைமாறினர். 1921 இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை இவ்வாறு நடந்தது. அக்காகிதத்தின் ஆக்கியோர் யார்? துரையா, கங்காணியா, எண்ணப்பட்டோரா? வலை முறையில் மூவரையும் உறவு சொல்லிக் கட்டலாம். கருத்தளவில் எனக்கு அதுவே உவப்பு. ஆயினும் அதற்கேற்ற கருவியும் பழகிய ஆளும் நம் வாசிகசாலைகளில் இல்லை. இன்று ஐசாட் முறையில் எழுதி, பெயர்ப் பதிவைச் செம்மையாக வைத்திருந்தால், நாளை அதனை வலையாக மாற்றுவது கடினமன்று. பதினைந்து கட்டத்திலிருந்து அங்கே போக இயலாது; இழந்த உறையை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. எண்ணிம நூலகத்தின் வாயிலிலே பொதுமக்களுக்காக டப்ளின் கோர் வடிவம் வேண்டும் என்றால், ஐசாட்டிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது எளிது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய இடாப்புகளிலே சாதி எழுதப்பட்டிருக்கின்றது, கடன் எழுதப்பட்டிருக்கின்றது, மருத்துவக் குறிப்பும் இருக்கும். அவற்றை விவரிப்பது ஒன்று, யாவரும் தேடத்தக்கதாக வலையில் ஏற்றுவது மற்றொன்று. ஐசாட்டில் ‘அணுகுதற்குரிய நிபந்தனை’ என்று ஒரு கூறு இருக்கின்றது. ஆறு கூறுகளோடு இதனை ஏழாவதாகக் கட்டாயமாக்கவேண்டும் என்பது என் தனிக் கருத்து. பேரப்பிள்ளைகள் அதே லயத்தில் வாழ்கின்றபோது பாட்டனின் சாதியைத் தேடுபொறியில் ஏற்றுவது ஆராய்ச்சி ஆகாது.

ஆசிரிய நண்பர்கள் இதனைத் தம் பாடசாலையிலேயே தொடங்கலாம். 1970 களின் பிற்பகுதியில் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகள் சிலவற்றில் பழைய ஏடுகள் இன்னும் அலுமாரியின் அடித்தட்டில் உள்ளன. எங்கள் உயர்தர வகுப்பு மாணாக்கரைக் கொண்டு சென்ற தவணையிலே ஒரு தொகுதியை எழுதச் செய்தேன். அவர்கள் எழுதிய முதற்பதிவு இது. தலைப்பு: தோட்டப் பாடசாலைத் தொகுதி. ஆக்கியோர்: தோட்ட நிருவாகம், பின்னர் கல்வித் திணைக்களம். அளவு: சேர்வு இடாப்பு 3, வரவு இடாப்பு 41, சம்பவத் திரட்டுப் புத்தகம் 2. நிலை: தொகுதி. அணுகல்: சேர்வு இடாப்பில் சாதி குறித்த நிரல் இருத்தலால் அதிபரின் அனுமதியோடு நேரிற் பார்க்கலாம். ஒழுங்கு: கிடைத்தவாறே, இரண்டாம் இடாப்பினுள் இருந்த உலர்ந்த தேயிலைக் கொழுந்து ஒன்று அதே பக்கத்தில் விடப்பட்டுள்ளது.

காலம் என்ற கட்டம் மட்டும் முழுமையாகவில்லை. முதல் இடாப்பின் தொடக்கப் பக்கங்களைச் செல் அரித்துவிட்டது. அங்கே படித்த மூதாட்டி ஒருத்தி இன்னும் மேற்பிரிவில் இருக்கின்றாள் என்று ஒரு மாணவன் சொன்னான். அடுத்த சனிக்கிழமை அவளிடம் போகின்றோம்.